ரேடியோவா, வாட்ஸ்அப் குழுவா? லயத்துக்குச் செய்தி வரும் வழிகள்

இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுதான் லயம். எங்கள் லயத்தில் ஒரு குடும்பம் இருக்கும் காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான், அதுவும் கூரைவரை எழும்பாத சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கமிருந்து "மருந்து எடுத்தியா?" என்று குரல் வரும். அதனால் அந்தரங்கம், தனியுரிமை என்று யாராவது பேசினால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பக்கத்து காம்பராதான். வாட்ஸ்அப், பேஸ்புக் நடத்துகிற அமெரிக்கக் கம்பனியெல்லாம் அதற்குப் பிறகுதான். செய்தி எதில் சீக்கிரம் வருகிறது என்று இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) உட்கார்ந்து பேசாத ஆளில்லை. செய்தியைக் கொடுத்துவிட்டு அது நம்மைப் பற்றி யாரிடம் என்ன சொல்லிவைக்கிறது என்பதைத்தான் யாரும் பேசக் காணோம்.

அப்பாவின் ரேடியோ யாரிடமும் எதையும் சொல்லாது. 1925இல் கொழும்பில் தொடங்கிய வானொலிக்கு இன்றைக்கும் அந்தக் குணம் மாறவில்லை: அலை வருகிறது, பெட்டி பிடித்துக்கொள்கிறது, திரும்பிப் போவது ஒன்றுமில்லை. அப்பா எந்த நிலையம் கேட்டார், எந்தச் செய்தியில் அணைத்தார் என்று எந்தக் கணக்கிலும் ஏறாது. ஒரு சாவுச் செய்திகூட அதில் மரியாதையாக வரும். பெயர், ஊர், பிள்ளைகள், அடக்கம் எத்தனை மணிக்கு, அவ்வளவுதான். அதே சாவு விபத்தாக இருந்தால், வீட்டாருக்குத் தெரிவதற்கு முன்பே பேஸ்புக்கில் முகம் தெரியப் படம் வந்துவிடுகிறது. ரேடியோவுக்கும் குறை உண்டு. எப்.எம். அலை மலையைத் தாண்டாது. பள்ளத்து லயங்களில் ஜன்னலோரம் ஒரே ஒரு மூலையில் வைத்தால்தான் பிடிக்கும். எட்டு மணிச் செய்தியைத் தவறவிட்டால் போனது போனதுதான். "மாவட்டத்தில் கடும் மழை" என்று சொல்லும், எந்தத் தோட்டம் என்று சொல்லாது.

அந்த இடத்தில்தான் வாட்ஸ்அப் குழு ஜெயிக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதிலிருந்து, மழை பிடித்தால் மலையில் யாருக்கும் தூக்கம் வராது. மேட்டு லயத்து மாமா இரவு இரண்டு மணிக்கு "கான்ல (வடிகால்ல) கலங்கல் தண்ணி வருது, பணிய (கீழ்) லயத்து ஆட்கள் எழும்புங்க" என்று குரல் பதிவு போடுவார். அதை எந்த நிலையமும் வாசிக்காது. சிங்களத்தில் வந்த அறிவித்தலைப் பள்ளிக்கூடத்து சேர் தமிழில் எழுதிப் போடுவதும் அங்கேதான். கொழுந்து எடை, பத்தாம் திகதிச் சம்பளம், கோயில் திருவிழா வரி எல்லாம் அதே குழுவில்தான்.

ஆனால் ரேடியோ, பேப்பர், பேஸ்புக், வாட்ஸ்அப் குழு என்ற நான்கு வழிகளில் நம்மை அதிகம் காட்டிக்கொடுப்பதும் அதே குழுதான். வாட்ஸ்அப் செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டவை, நடுவில் யாரும் படிக்க முடியாது என்பது உண்மை. குழுவுக்குள்ளேயே இருக்கிற ஆளுக்கு அது என்ன தடை? ஒரு குழுவில் 1,024 பேர்வரை இருக்கலாம். அத்தனை பேருக்கும் அத்தனை பேரின் நம்பரும் தெரியும். என் தங்கச்சியை யாரோ ஒரு 'செய்திக் குழு'வில் கேட்காமலே சேர்த்துவிட்டார்கள். இரண்டாம் நாளிலிருந்து தெரியாத நம்பர்களிலிருந்து "ஹாய்". அவள் வெளியேறினாள், நம்பர் வெளியேறவில்லை. கடைசியில் சிம்மை மாற்றினோம். பழைய நம்பரைத்தான் வங்கிக்குக் கொடுத்திருந்தோம், அந்த அலைச்சல் தனிக்கதை. போதாததற்கு, செய்தியைப் பார்த்துவிட்டோம் என்று காட்டும் நீல டிக். தனி அரட்டையில் அதை மறைக்கலாம், குழுவில் முடியாது. தலைவர் போட்ட செய்தியை யார் பார்த்தார்கள், பார்த்தும் பதில் போடாமல் இருந்தது யார் என்று அவர் ஒரு தட்டில் பார்த்துக்கொள்வார்.

1920களில், தோட்டத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டிய கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடம் போட்டுத்தான் தோட்டங்களுக்குள் நுழைந்தார். அன்றைக்குத் தோட்டத்து முதலாளியான துரையின் கண்ணில் படாமல் சேதி கேட்பதே பெரிய காரியம். இப்போது நாம் கேட்டோமா என்பதை நம் போனே ஒப்புவிக்கிறது.

பேஸ்புக் வேறு மாதிரி ஆள். நம் நம்பரை ஊருக்குக் காட்டாது, நம் மனசைக் காட்டிவிடும். நிறைய வீடுகளில் போன் ஒன்று, கணக்கு ஒன்று, கை ஐந்து. சித்தி ஒரு நாள் மத்தியானம் குவைத் வீட்டு வேலை பற்றிய வீடியோ ஒன்றை முழுதாகப் பார்த்திருக்கிறாள். மறுநாள் சித்தப்பா செய்தி பார்க்கத் திறந்தால் வரிசையாக ஏஜென்சி விளம்பரம். வெளிநாடு போவதா என்று அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை, போன் சொல்லிவிட்டது. எதில் விரல் நிற்கிறது என்று பார்த்து அதையே மேலும் ஊட்டுவதுதான் அதன் வேலை. பார்த்தவர் யார் என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. செய்தி என்ற வகையிலும் நான் அதை நம்புவதில்லை. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனயில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் நடந்தபோது, வதந்தி பரவுகிறதென்று அரசாங்கம் பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் போன்றவற்றை ஒரு வாரமளவில் முடக்கியது. 2020இல் பேஸ்புக்கே தன் பங்குக்கு வருத்தம் தெரிவித்தது. முடக்கிய நாட்களில் எங்கள் பையன்கள் முடக்கத்தைச் சுற்றிப் போக உதவும் வி.பி.என். செயலிகளில் கண்ட இலவசமெல்லாம் இறக்கினார்கள். அதை நடத்துகிறவன் நாம் எந்தத் தளங்களுக்குப் போகிறோம் என்று பார்க்கலாமே என்று யாரும் யோசிக்கவில்லை, நானும்தான்.

பேப்பரைப் பற்றி ஒன்று மட்டும். 2024 மே தினத்தை ஒட்டி தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று அரசாங்க வர்த்தமானி வந்தது, ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 என்றானது. பேஸ்புக் கார்டில் '1,700' என்ற இலக்கமும் ஒரு தலைவரின் படமும்தான் இருந்தன. அடிப்படை எவ்வளவு, மீதி எதற்கு என்பதை சலூன் கடையில் கிடந்த வீரகேசரியில்தான் நிதானமாகப் படித்தேன். நான் எந்தப் பத்தியில் நின்றேன் என்று சலூன்காரருக்குத் தெரியாது. தெரிந்தாலும் விளம்பரம் அனுப்ப மாட்டார்.

ரேடியோவுக்கும் குழுவுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. நம் ஆட்கள் அதை இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை: 2023இல் வந்த வாட்ஸ்அப் சேனல். பின்தொடர்கிறவர்கள் ஒருவர் நம்பரை ஒருவர் பார்க்க முடியாது, நடத்துகிறவருக்கும் காட்டாது. முனைக்கு முனை மறையாக்கம் இல்லை என்பதால் கம்பனிக்கு நாம் எதைப் பின்தொடர்கிறோம் என்று தெரியும். எனக்கு அது பரவாயில்லை. கம்பனிக்காரன் எங்கள் இஸ்தோப்புக்கு வந்து உட்காரப் போவதில்லை. ஆனால் மாமா போன்றவர்கள் அதில் பேச முடியாது, கேட்க மட்டும்தான். ரேடியோ மாதிரி, ரேடியோவைவிட வேகமாக.

இப்போது வீட்டில் இப்படி வைத்திருக்கிறோம். நாட்டுச் செய்திக்கு ரேடியோவும் இரண்டு சேனலும். குழு ஒன்றே ஒன்று, எங்கள் டிவிஷன் (தோட்டப் பிரிவு) ஆட்கள் மட்டும் இருப்பது. தங்கச்சியின் போனில், யார் தன்னைக் குழுவில் சேர்க்கலாம் என்ற இடத்தில் 'என் தொடர்புகள்' என்று மாற்றியாகிவிட்டது. நாலைந்து தட்டு, அதற்குத்தான் ஒரு சிம்மைத் தொலைத்தோம். பேஸ்புக்கை சித்தி தனிக்கணக்காகப் பிரித்துக்கொண்டாள், பூட்டுப் போட்டு. சித்தப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்தார்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது மலையில் பல இடங்களில் கரண்டும் போனது, சிக்னலும் போனது. குழு, சேனல், பேஸ்புக் மூன்றும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. அப்பா ஜன்னலோர மூலையில் ரேடியோவை வைத்து, பழைய டோர்ச்சிலிருந்து இரண்டு பேட்டரியைக் கழற்றிப் போட்டார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "அண்ணே, கொஞ்சம் சத்தத்தைக் கூட்டுங்க" என்றார்கள்.