மூன்றாவது ஆக்சில் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்: 6,40,000 ரூபாய் போய்விட்டது

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். வேனைக் கேரவனாக மாற்றித் தருவதாகச் சொல்லி, புதுச்சேரி பக்கம் பாடி கட்டும் பட்டறை ஒன்று எங்களிடம் 6,40,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, சாலையில் ஓட்டவே கூடாத வண்டியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறது. புகார் கொடுக்கப் போவதால் பட்டறையின் பெயரைப் போடவில்லை. ஆக்சில் (இரு பக்கச் சக்கரங்களையும் தாங்கும் அச்சு), நீளம், எடை இந்த மூன்றிலும் எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறார். திருநள்ளாறு, ராமேஸ்வரம் எல்லாம் பார்க்க வேண்டும் என்று ஆசை. வழியில் அவர் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை எங்கே இருக்கிறது? அதற்காகத்தான் பழைய வேன் ஒன்றை வாங்கினோம். வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே உள்ள தூரம், 3,350 மி.மீ. ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து அனுமதித்த மொத்த எடை 4,000 கிலோ. முதல் நாளே ஆர்.சி.யைப் பட்டறைக்காரரின் கையில் கொடுத்து, கட்டில், கழிப்பறை, சமையல் மேடை, 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் இந்த எடைக்குள் அடங்குமா என்று கேட்டேன்.

அவர் சாக்கட்டியை எடுத்துப் பட்டறையின் சிமெண்டுத் தரையிலேயே வண்டியை முழு அளவில் வரைந்தார். கட்டில் இங்கே, கழிப்பறை இங்கே, சாய்தளம் இங்கே. பிறகு அம்மாவின் நாற்காலி அருகே மண்டியிட்டு, சக்கரத்துக்குச் சக்கரம் டேப் பிடித்து அளந்து, "அம்மா, நீங்கள் யார் கையையும் பிடிக்காமல் உள்ளே போய் வரலாம்" என்றார். அம்மாவின் கண் கலங்கிவிட்டது. அன்றே 2,00,000 ரூபாய் முன்பணம் கொடுத்தோம்.

நாற்காலி திரும்ப இடம் வேண்டும் என்று சொல்லி பாடியைப் பின்னால் நீட்டினார். எடையைப் பற்றி மறுபடியும் கேட்டேன். "அண்ணே, பின்னால் இன்னொரு ஆக்சில் போட்டுவிட்டால் இன்னும் ஒரு டன் தாங்கும். பெரிய பஸ்ஸில் எல்லாம் பார்த்ததில்லையா?" என்றார். அதற்குத் தனியாக 85,000. ஆக மொத்தம் 6,40,000 ரூபாய்.

வண்டியை எடுத்துக்கொண்டு கடலூருக்கு வரும்போதே தெரிந்துவிட்டது. கன்னியக்கோயில் தாண்டியதும் ஸ்டியரிங் கையில் கனமே இல்லாமல் நின்றது. வழியில் ஒரு வேகத்தடை ஏறி இறங்கியபோது வால் பகுதி தரையில் உரசியது. மறுநாள் தண்ணீர் நிரப்பி, நாங்களும் ஏறிக்கொண்டு, நெல்லிக்குப்பம் சாலையில் கரும்பு வண்டிகள் நிற்கும் எடை மேடைக்குப் போனோம். முதலில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றினோம்: 1,010 கிலோ. முழு வண்டி: 4,420 கிலோ. அனுமதித்த எடையைவிட 420 கிலோ அதிகம். மீதி 3,410 கிலோவும் பின்னால் நிற்கிறது. வண்டித் தகட்டில் பின் ஆக்சிலுக்குப் போட்டிருப்பது 2,700 கிலோ.

தண்ணீர்த் தொட்டியைப் பின்கோடியில், பின் ஆக்சிலுக்கு 2 மீட்டர் தள்ளி வைத்திருக்கிறார்கள். அங்கே 200 கிலோ வைத்தால் பின் ஆக்சிலில் ஏறுவது 200 அல்ல, ஏறக்குறைய 320 கிலோ. மிச்ச 120 கிலோ முன்சக்கரத்திலிருந்து குறைகிறது. துலாக்கோல் போலத்தான். முன்சக்கரம் தரையைப் பிடிக்காமல் மழையில் திருப்பினால் என்ன ஆகும்? உள்ளே அம்மா இருப்பார்!

கடலூர் மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு என்னையும் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். அந்த மூன்றாவது ஆக்சிலுக்கு பிரேக் டியூபே போகவில்லை. டிரம் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. ஸ்பிரிங் பட்டையைச் சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) நேராக வெல்டிங் வைத்து ஒட்டியிருக்கிறார்கள், வெல்டிங் ஓரத்தில் அதற்குள் ஒரு முடிக்கனம் விரிசல். டயர் சும்மா தரையைத் தொட்டுக்கொண்டு சுற்றுகிறது, பாரம் எதையும் தாங்கவில்லை. இதற்குத்தான் 85,000.

மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்ததுமே இந்த மாற்றத்தை ஏற்க மறுத்துவிட்டார். வண்டியைத் தயாரித்த நிறுவனம் கொடுத்த அமைப்பை மாற்றி ஆக்சில் சேர்ப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. பின் ஆக்சிலைத் தாண்டி நீளும் பகுதி வீல்பேஸில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எங்கள் வண்டிக்கு அது 2,010 மி.மீ., இவர் விட்டிருப்பது 2,600. எத்தனை ஆக்சில் ஒட்டினாலும் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை ஒரு கிலோகூட ஏறாது. வருடக்கணக்காக பாடி கட்டுகிறவருக்கு இது தெரியாதா?

பட்டறைக்குப் பேசினால், "ஓட ஓடச் சரியாகிவிடும் அண்ணே." அடுத்து, "தண்ணீரைப் பாதி நிரப்புங்கள்." அடுத்து, "உங்கள் கடலூர் டி.என். 31 பதிவில்தான் கெடுபிடி, புதுச்சேரிப் பதிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்." சட்டம் மத்திய அரசுச் சட்டம், தமிழ்நாட்டு எல்லையோடு முடிந்துவிடுவதில்லை. பிறகு போனை அவர் மகன் எடுத்தான், "அப்பா திருப்பதி போயிருக்கிறார்." நேரில் போனால் அப்பா அங்கேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார்! அம்மாவின் முன்னால் மண்டியிட்ட அதே ஆள், "ரசீதில் உள் அலங்கார வேலை என்றுதான் இருக்கிறது, ஆக்சில் எங்கே எழுதியிருக்கிறது? போய் கேஸ் போடுங்கள்" என்கிறார். 6,40,000 ரூபாய் வாங்கிய வாய் அது.

விரிவாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. வீல்பேஸைப் பார்த்து வண்டி வாங்குங்கள், பாடியை நீட்டிச் சமாளிக்க விடாதீர்கள். வேலைக்கு விடும் முன் காலி வண்டியை எடை போட்டுச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், பேட்டரி, பிளைவுட், ஆட்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். தொட்டி இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில் வரட்டும். ஒவ்வொரு வேலையும் ரசீதில் எழுதியிருக்க வேண்டும். முழுப் பணத்தையும் எடை மேடைச் சீட்டு கைக்கு வந்த பிறகே கொடுங்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், அதனால் கடலூரில்தான் கொடுக்கிறேன். 85,000 கைப்பேசியில் அனுப்பியபோது "ஆக்சிலுக்கு" என்று குறிப்பு போட்டிருந்தேன், அது பத்திரமாக இருக்கிறது. இந்தப் பக்கத்தில் இதே மாதிரி மூன்றாவது ஆக்சில் போட்டுக்கொண்டு மாட்டியவர்கள் இருந்தால் எடைச் சீட்டோடும் ரசீதோடும் சொல்லுங்கள், சேர்ந்தே மனு கொடுப்போம்.