ஈயத்தை நீக்குவதாக விற்கப்படும் ஒரு மூலிகைச் சூரணம்: 45 நாள் அனுபவம்

பழைய பேட்டரிகளைப் பிரித்து ஈயம் உருக்கும் பட்டறையில் வேலை செய்யும் என் மைத்துனருக்காக, உடலில் சேர்ந்த கன உலோகங்களை வெளியேற்றும் என்ற விளம்பரத்தைப் பார்த்து, இந்தச் சூரணத்தை இணையவழியில் வாங்கினேன். 150 கிராம் புட்டியின் விலை 420 ரூபாய். காலையும் மாலையும் 5 கிராம் வீதம் 45 நாட்களுக்கு மூன்று புட்டிகள் செலவாயின. நெல்லிக்காய், கரிசலாங்கண்ணி, கொத்தமல்லி, மஞ்சள், பூண்டு ஆகியவை சேர்ந்த இப்பொடி நன்றாக அரைக்கப்பட்டிருப்பதால் வெந்நீரில் கட்டி தட்டாமல் கலக்கிறது. பூண்டு வாடைதான் சற்றுத் தூக்கல்.

தொடங்குமுன் அவருடைய ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 38 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது, முடிவில் 27. அந்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால் நானும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். ஆனால் அதே நாட்களில் அவர் உலைப் பக்கத்திலிருந்து விற்பனைப் பிரிவுக்கு மாறியிருந்தார். புதிதாக ஈயம் உட்புகுவது நின்றால் ரத்தத்தில் உள்ளது ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறையக்கூடியது. எலும்பில் படிந்ததோ பல ஆண்டுகள் தங்கி, சிறுகச் சிறுக ரத்தத்துக்குத் திரும்புகிறது. ஆகவே அந்த 11 மைக்ரோகிராமில் சூரணத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஈரானில் சிறுவர்களுக்குக் கொத்தமல்லிச் சாறு கொடுத்து நடத்திய ஆய்விலும் இதே சிக்கல்தான்: சாறு குடித்தவர்களுக்கும் குறைந்தது, மருந்தில்லாத வெறும் பானம் குடித்தவர்களுக்கும் குறைந்தது. பூண்டின் நிலை சற்று மேல். அதே நாட்டில் கார் பேட்டரித் தொழிலாளர்களிடையே நான்கு வாரம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில் அது ஓரளவு பலன் தந்தது. ஆனால் அங்கே அளந்து கொடுத்த மாத்திரை. இங்கே பூண்டு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று புட்டியில் குறிப்பே இல்லை.

என் பெரிய குறை வேறு. புட்டியில் உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் எல்லாம் இருக்கின்றன. இந்தத் தொகுதியில் ஈயம் எவ்வளவு என்ற சோதனை முடிவு மட்டும் இல்லை. மின்னஞ்சலில் கேட்டபோது, 'வரம்புக்குள் உள்ளது' என்ற ஒற்றை வரியுடன், தொகுதி எண்ணே இல்லாத பழைய சான்றிதழ் ஒன்று வந்தது. மூலிகை மருந்துக்கு நம் நாட்டில் ஈயத்தின் வரம்பு 10 பி.பி.எம்., அதாவது ஒரு கிராம் பொடியில் 10 மைக்ரோகிராம்; அந்த வரம்பைத் தொடும் பொடியை நாளுக்கு 10 கிராம் சாப்பிட்டால் 100 மைக்ரோகிராம் ஈயம் வயிற்றுக்குள் போகும். இது வெறும் கணக்குப் பயமன்று: வங்கதேசத்தில் நிறம் கூட்டுவதற்காக மஞ்சளில் ஈயக் குரோமேட் கலந்தது 2019இல் அம்பலமாகி, அரசு கடும் நடவடிக்கை எடுக்க நேர்ந்தது. ஈயத்தை நீக்கும் என்று விற்கும் பொடிக்கு இந்தச் சோதனையைக் காட்டுவதில் என்ன தயக்கம்?

அரைப்புக்கும் பொதியலுக்கும் இரண்டு நட்சத்திரம். நான்காவது புட்டி வாங்கவில்லை. மைத்துனர் இப்போது பட்டறையிலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறார், அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு மருத்துவர் நாள் குறித்திருக்கிறார்.