திருச்செங்கோட்டில் நாலு ஞாயிறு வகுப்புக்குப் போய் வந்தேன்

பையனின் எட்டாம் வகுப்பு வாட்ஸப் குரூப்பில் வந்த அழைப்பு அது. பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து வர வேண்டிய எச்ஐவி தடுப்பு வகுப்பு, நாலு ஞாயிறு, காசு கிடையாது. குரூப்பில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் முதலில் எரிச்சல்தான், பதிமூணு வயசுப் பையனுக்கு இது எதுக்கு என்று. அப்புறம் யோசித்துப் பார்த்தால், 2000களின் தொடக்கத்தில் ஊரெல்லாம் சுவரில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று எழுதியிருந்தபோது, யாருங்கப்பா அந்தப் புள்ளிராஜா என்று கேட்டதற்கு எங்கப்பா விட்ட அறைதான் இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த மொத்தக் கல்வி. சரி, போவோம் என்று போய்விட்டேன்.

ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலில் நடத்தினார்கள். இரண்டு ஃபேன், அதில் ஒன்று ஓடவில்லை. முதல் வாரம் முழுக்கப் படம் காட்டிப் பாடம். தமிழ் ரொம்பப் புத்தகத் தமிழ், "பாதுகாப்பற்ற உடலுறவு" என்று பாடம் எடுத்த அம்மா சொன்னதும் ஹாலில் பாதிப் பேர் செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வாரத்துக்கு மார்க் போடச் சொன்னால் பத்துக்கு மூணுதான்.

இரண்டாவது வாரம்தான் விஷயமே. பெற்றோரை மாற்றி உட்கார வைத்தார்கள், என் பையன் வேறொரு அக்காவிடம், அவர் பொண்ணு என்னிடம். பிள்ளை கேட்பதற்குத் திட்டாமல், பேச்சை மாற்றாமல் இரண்டு நிமிஷம் பதில் சொல்ல வேண்டும். கேட்க எளிதாக இருக்கும், செய்து பாருங்கள். அந்தப் பொண்ணு "கொசு கடிச்சா வருமுங்களா?" என்றாள், அது எனக்குத் தெரியும், வராது. "அப்ப ஊசி?" என்றாள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்ளும் பையன்களைப் பற்றி நம் பக்கத்துப் பேப்பரில் வருகிறதே, ஒரே ஊசியை நாலு பேர் மாற்றிப் போட்டால் எச்ஐவி பரவ அதுவே ஒரு வழி. பெற்றோர் எல்லாம் காதல், கத்தரிக்காய் என்று பயந்துகொண்டிருக்க, பிள்ளைகள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கென்யாவில் 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கே இப்படிப் பேசப் பழக்குகிறார்களாம், பிள்ளை வழி மாறும் முன்னால். அந்தம்மா சொன்னதும் எங்கள் வரிசையில் ஒருத்தர், "அப்ப நாம லேட்டுங்க" என்றார்.

பெரிய குறை ஒன்று உண்டு, ஆம்பளைகள் வரவில்லை. இருபது குடும்பத்தில் வந்த அப்பாக்கள் இரண்டு பேர். ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி ஊரில் நேரம் வைக்கத் தெரிய வேண்டாமா? பாதிப் பேர் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறார்கள், மழைக்கு வண்டி ஊர் திரும்பும் மாசத்தில் வைத்திருந்தால் ஹால் நிறைந்திருக்கும். நாலாவது வாரம் முகூர்த்தம் வேறு, மண்டபத்துக்காரர் பதினொன்றரைக்கே இலை போட வேண்டும் என்று கிளப்பிவிட்டார். ஆபத்தான தொடர்பு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் மாத்திரை தொடங்க வேண்டும் என்ற முக்கியமான பகுதி நின்றபடியே முடிந்தது. 1097 என்ற இலவச உதவி எண்ணை மட்டும் பையன் கையில் எழுதிக்கொண்டு வந்தான்.

பஸ்ஸில் வரும்போது மெதுவாக, "அப்பா டெஸ்ட் எடுத்துருக்காருங்களாம்மா?" என்றான். கை தானாக ஓங்கப் பார்த்தது. "தெரியாது சாமி, கேக்கறேன்" என்றேன்.

கேட்டேன். மூணு நாள் பேசவில்லை. அப்புறம் வண்டி ஊருக்கு வந்ததும் அவரே, "இரண்டு பேரும் எடுத்துக்கலாம்" என்றார். அரசு மருத்துவமனையில் எச்ஐவி டெஸ்ட் எடுக்கும் நம்பிக்கை மையத்துக்குப் போனோம். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்கள், கையெழுத்து வாங்கிய பிறகே ரத்தம் எடுத்தார்கள், பைசா செலவில்லை. நம் சம்மதம் இல்லாமல் முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் வருஷச் சட்டமே இருக்கிறதாம். ரிசல்ட் அன்றைக்கே வந்தது, அது எங்கள் வீட்டு விஷயம்.

அடுத்த வகுப்பு தீபாவளிக்கு அப்புறம் என்றார்கள். போகிறவர்கள் ஓடுகிற ஃபேன் பார்த்து உட்காருங்கள், வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போங்கள்.