இரட்டைமயச் செல், ஒற்றைமயச் செல்: எண்ணைப் பார்க்காதீர்கள், இணையைப் பாருங்கள்

மனிதத் தோல் செல்லில் 46 குரோமோசோம்கள், விந்தணுவில் 23. பாடம் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். ஆனால் பழ ஈயின் இரட்டைமயச் செல்லில் இருப்பதே 8தான். ஆண் தேனீயின் ஒற்றைமயச் செல்லிலோ 16. எண் எதையும் காட்டிக்கொடுக்காது. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என ஒத்த இணைகள் இருந்தால் இரட்டைமயம். இணையில்லாமல் ஒரே ஒரு தொகுதி மட்டும் இருந்தால் ஒற்றைமயம்.

அதிகம் சறுக்குவது, விந்தணு, முட்டை போன்ற இனச்செல்களை உருவாக்கும் குன்றல் பகுப்பில்தான். அது தொடங்கும் முன்பே டிஎன்ஏ இரட்டித்துவிடும். அப்போதும் குரோமோசோம்கள் 46தான். ஒவ்வொன்றிலும் ஒன்றுபோலவே இரண்டு பிரதி இழைகள், அதாவது குரோமாட்டிடுகள். முதல் பகுப்பில் ஒத்த இணைகள் பிரிந்ததுமே செல் ஒற்றைமயமாகிவிடுகிறது: 23 குரோமோசோம்கள், 46 குரோமாட்டிடுகள். இரண்டாம் பகுப்பு குரோமாட்டிடுகளை மட்டுமே பிரிக்கிறது. படத்தைப் பார்த்து எண்ணும்போது, குரோமாட்டிடுகள் ஒட்டியிருக்கும் இடமான சென்ட்ரோமியர்களை எண்ணினால் தவறு வராது. முதல் பகுப்பில் ஓர் இணை பிரியாமல் ஒரே பக்கம் போய்விட்டால், இனச்செல்லில் 24 அல்லது 22 வந்து நிற்கும். அந்தக் கூடுதல் பிரதி 21ஆம் குரோமோசோமாக இருந்து கருவுற்றால் 47; அதுவே டவுன் நோய்க்குறி.

ஒற்றைமயம் என்றாலே இனச்செல் என்று எண்ண வேண்டாம். ஆண் தேனீ கருவுறாத முட்டையிலிருந்து வருவதால் அதன் உடலே ஒற்றைமயம். ராணிக்கும் வேலைக்காரத் தேனீக்கும் 32. மாஸ் (moss) எனும் பாசிச்செடியின் பச்சை உடலும் ஒற்றைமயம்தான்.

இரட்டைமயத்தின் பலம், பழுதான ஜீனுக்கு மாற்றாக ஒன்று இருப்பது. ஆய்வாளருக்கு அதுவே தொல்லை: இரண்டு பிரதிகளும் ஒன்றாக இருந்தால்தான் வெளிப்படும் ஒடுங்கு பண்பு மறைந்துகொள்ளும். ஒற்றைமய ஈஸ்டில் மறைய இடமில்லை, திடீர்மாற்றம் உடனே தெரியும். ஜீனின் வேலையை அறிய ஈஸ்ட்தான் வசதி.

பயிர்ப் பெருக்கத்திலும் இதே சாதகம் உண்டு. 1964இல் டெல்லி பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் சதீஷ் மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப்பையை வளர்த்து ஒற்றைமயக் கருக்களைப் பெற்றார்கள். அத்தகைய செடி பொதுவாக மலடு. குன்றல் பகுப்பில் சேர இணையில்லை. கால்ச்சிசின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்தால், குரோமோசோம்களைப் பிரித்து இழுக்கும் கதிர்க்கோல் இழைகள் உருவாகாமல், இரட்டித்த குரோமோசோம்கள் ஒரே செல்லில் தங்கிவிடும். பல தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கை செய்து எட்டும் தூய வழி (இணையின் இரு பிரதிகளும் ஒன்றாகவே இருக்கும் செடி), ஒரே தலைமுறையில் கைக்கு வருகிறது.

உருளைக்கிழங்கோ இந்த இருவகைப் பிரிவுக்குள் அடங்காது. சாகுபடி ரகத்தில் 12 வீதம் நான்கு தொகுதிகள், மொத்தம் 48. அதன் மகரந்தத்தில் 24. பாதியாகக் குறைந்த பிறகும் ஒவ்வொன்றுக்கும் இணை இருக்கிறது.