சுய்கோடன் ரீமாஸ்டரா, எய்யூடெனா?

2006-இல் ஐந்தாம் பாகம் வந்ததோடு சுய்கோடன் என்ற ஜப்பானிய வீடியோ கேம் தொடரின் எண்ணிட்ட வரிசை நின்றுபோனது. அதற்கப்புறம் கையடக்க கேம் கருவிகளான நின்டென்டோ டிஎஸ்ஸில் ஒன்று, 2012-இல் பிஎஸ்பியில் ஒன்று என்று இரண்டு கிளைக்கதைகள் வந்தன. பிஎஸ்பி கேம் ஜப்பானைத் தாண்டவே இல்லை. தொடருக்குச் சொந்தக்காரரான கொனாமி நிறுவனம் அதைக் கைகழுவிவிட்டது என்றுதான் ரசிகர்கள் எல்லாரும் முடிவு கட்டியிருந்தோம். பார்த்தால், ஒரு வருடத்துக்குள் இரண்டு வந்து நிற்கின்றன: 2024 ஏப்ரலில் 'எய்யூடென் க்ரானிக்கிள்: ஹண்ட்ரட் ஹீரோஸ்', 2025 மார்ச்சில் 'சுய்கோடன் 1 & 2 எச்டி ரீமாஸ்டர்' (முதல் இரண்டு பாகங்களின் மெருகேற்றிய மறுபதிப்பு). முதலாவது, சுய்கோடனை உருவாக்கியவரே எடுத்தது, ஆனால் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளும் உரிமை அவரிடம் இல்லை. இரண்டாவதற்குப் பெயர் இருக்கிறது, உருவாக்கியவர் இல்லை.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 108 கலகக்காரர்கள் மலையில் கூடி அரசை எதிர்க்கும் பழைய சீன நாவல்தான் தொடரின் வேர். நீங்கள் ஒரு இளம் தலைவர். ஊர் ஊராகப் போய் ஆள் சேர்க்கிறீர்கள். வாள்வீரர், சமையல்காரர், கொல்லர், சூதாடி, துப்பறிவாளர் என்று யார் வேண்டுமானாலும் வருவார்கள். பாழடைந்த கோட்டை ஒன்று அவர்கள் வரவர ஊராகிறது. 1995-இல் முதல் பாகமும் 1998-இல் இரண்டாம் பாகமும் ப்ளேஸ்டேஷனில் வந்தன. இரண்டையும் எழுதி இயக்கியவர் யோஷிதாகா முராயாமா. மூன்றாம் பாகம் தயாராகும்போதே அவர் கொனாமியை விட்டு வெளியேறினார்.

அவர் பழைய சகாக்களோடு சேர்ந்து 2020-இல், மக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் எய்யூடெனை அறிவித்தார். கேட்டது 5 லட்சம் டாலர், சேர்ந்தது 45 லட்சத்துக்கும் மேல். கேம் வெளியாக இரண்டரை மாதம் இருக்கும்போது, 2024 பிப்ரவரியில், முராயாமா 55 வயதில் காலமானார். இதைச் சொல்லிவிட்டு அவருடைய கடைசி கேமைக் குறை சொல்வது சங்கடமான வேலைதான். ஆனால் காசு கொடுத்து வாங்கப்போகிறவர் கேட்பது வேறு கேள்வி.

சரி, தொடக்கத்திலிருந்தே வருவோம். சுய்கோடன் 2 ஒரு ராணுவ முகாமில் இரவில் தொடங்குகிறது. சிறுவர் படை, சமாதானம் ஆகிவிட்டது, நாளை வீட்டுக்குப் போகலாம். நாயகனும் நண்பன் ஜோவியும் கூடாரத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே தாக்குதல் என்று கூச்சல். காட்டுப் பாதையில் ஓடுகிறார்கள், ஏதோ சரியில்லை என்று தெரிந்து திரும்புகிறார்கள். படையைக் காட்டிக்கொடுத்தது அதன் தலைவனே. பழியை எதிரி மேல் போட்டு மறுபடி போரைத் தொடங்க, தன் நாட்டுச் சிறுவர்களையே கொல்லச் சொன்னவன் இளவரசன் லூகா பிளைட். பையன்கள் இருவரும் பாறையில் கத்தியால் ஆளுக்கொரு கீறல் போடுகிறார்கள். பிரிந்தால் இங்கேயே திரும்பி வந்து சந்திப்போம் என்று சொல்லி ஆற்றில் குதிக்கிறார்கள். இதெல்லாம் முடியும்போது நீங்கள் உட்கார்ந்து சில நிமிடங்கள்தான் ஆகியிருக்கும். குரல் நடிப்பு கிடையாது, முகபாவனை காட்ட முடியாத குட்டிப் பிக்சல் உருவங்கள், நாலு நாலு வரி வசனம். அவ்வளவுதான், ஆள் மாட்டிக்கொண்டான்.

எய்யூடெனும் கிட்டத்தட்ட இதே சரக்கை வைத்துத்தான் தொடங்குகிறது. கிராமத்துப் பையன் நோவா, பேரரசின் இளம் அதிகாரி செய்ன். இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரு பழைய இடிபாட்டுக்குள் போகிறார்கள், இருவரும் நண்பர்களாகிறார்கள், அப்புறம் போர் அவர்களைப் பிரிக்கிறது. எலும்புக்கூடு ஒன்றுதான். ஆனால் நட்பு ஆழமானது என்பதை வசனம் நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது, அதை உணரவைக்கும் காரியம் ஒன்றும் நடக்கவில்லை. பாறையில் போட்ட கீறல் மாதிரி ஒரு பொருள், ஒரு இடம், எதுவும் அங்கே இல்லை. முதல் பல மணி நேரம் இங்கே போ, அங்கே போ என்று காவல்படை வேலையாகவே போகிறது. சொந்தக் கோட்டை கையில் வரும்வரை பொறுமை வேண்டும்.

வில்லன் விஷயத்தில் போட்டியே இல்லை. லூகா பிளைட்டை வீழ்த்தும் இரவைப் பாருங்கள் (கால் நூற்றாண்டு தாண்டிய கேம், சொன்னால் குற்றமில்லை). ஆறு ஆறு பேராக மூன்று அணிகள், மொத்தம் பதினெட்டுப் பேர் ஒருவர் பின் ஒருவராக அவன் மேல் பாய்கிறார்கள். அதிலும் சாகவில்லை. மரத்தில் தொங்கும் மரத்தாயத்து ஒன்றைத் திறக்கிறான். உள்ளிருந்து மின்மினிகள் பறந்து இருட்டில் அவனைக் காட்டிக்கொடுக்கின்றன. அந்த வெளிச்சத்தைக் குறிவைத்து அம்பு மழை. அதற்குப் பிறகும் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டை இருக்கிறது. சாகும்போதும் அவனுக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. எய்யூடெனின் வில்லன் ஆல்ட்ரிக் திட்டம் போடுகிறார், பேசுகிறார், மறுபடி திட்டம் போடுகிறார். பயம் மட்டும் வரவில்லை.

வழக்கமான சண்டைகளிலும் இதே வேகப் பிரச்சினைதான். இரண்டிலும் ஆறு பேர், இரண்டு வரிசை, சேர்ந்து அடிக்கும் கூட்டுத் தாக்குதல்கள். சுய்கோடனில் ஒருவர் ஓடும்போதே இன்னொருவரும் ஓடுவார். ஆறு பேரும் அடுத்தடுத்து வெட்டிவிட்டுத் திரும்ப, சாதாரணச் சண்டை சில நொடிகளில் முடியும். ரீமாஸ்டரில் இருமடங்கு வேகமும் வைத்துவிட்டார்கள், கண்ணிமைத்தால் தவறிவிடும். எய்யூடெனில் ஒவ்வொருவரும் தன் முறை வரும்வரை காத்திருந்து, கேமரா சுழன்று, அழகாக அடித்துவிட்டு வருகிறார். முதல் நாள் பார்க்க அருமை. பிக்சல் உருவங்களை முப்பரிமாண உலகில் நிறுத்தி ஒளியடித்திருக்கும் விதத்துக்குத் தனிக் கைதட்டல் கொடுக்கலாம். குகையில் பத்தடிக்கு ஒருமுறை எதிரி வரும்போதுதான் அந்த அழகு கழுத்தை அறுக்கிறது. பெரிய எதிரியோடு மோதும் பாஸ் சண்டைகளில் மறைவிடம், உடைக்கும் பொருள் என்று தனித்தனி வித்தை வைத்திருப்பது நல்ல யோசனை. பாதி நன்றாக வேலை செய்கிறது, மீதி இழுவை.

படைகள் மோதும் பெரிய போர்கள் இரண்டு பக்கமும் சுமார்தான். முதல் பாகத்தில் இருந்த குதிரைப்படை, வில், மந்திரம் என்ற எளிய மும்முனை விளையாட்டுதான் எனக்கு இன்னும் பிடிக்கிறது. நிஞ்ஜாவை அனுப்பி எதிரியின் அடுத்த நகர்வைத் தெரிந்துகொள்வதில் ஒரு திருட்டுச் சந்தோஷம் உண்டு. எய்யூடெனில் படையை நகர்த்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

இதுவரை படித்தவர் எய்யூடென் தேறாது என்று நினைத்திருப்பார். கோட்டைக்குள் நுழைந்ததும் கதை மாறுகிறது. ஆள் சேர்ப்பதும் ஊர் கட்டுவதும்தான் இந்தத் தொடரின் உயிர் என்று நினைப்பவருக்கு எய்யூடென்தான் விருந்து. 120 பேர், எல்லாருக்கும் குரல். மரம், கல், தாது சேர்த்துக் கடை, வயல், சமையல்கூடம் என்று ஒவ்வொன்றாக எழுப்பலாம். மீன் பிடிக்கலாம், சீட்டாடலாம், முட்டையிலிருந்து வளர்த்த பிராணிகளைப் பந்தயத்தில் விடலாம், பம்பரம் மோதவிடலாம். அந்தப் பம்பரத்துக்காக நான் உலகைக் காப்பாற்றும் வேலையை எத்தனையோ முறை தள்ளிப்போட்டேன். சுய்கோடன் 2-இல் சமையல்காரர் ஹாய் யோவின் சமையல் போட்டி நினைவிருக்கிறதா? அதே கூத்து இங்கே இன்னும் ஆடம்பரமாக, நடுவர்களின் அலட்டலோடு நடக்கிறது. முராயாமாவின் குறும்பு அப்படியே இருக்கிறது என்று முழு மனதோடு சொல்லக்கூடிய இடம் இதுதான்.

ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல். 120 பேருக்கும் பேச இடம் கொடுத்ததால் யாரும் பெரிதாக மனதில் நிற்பதில்லை. நோவாவின் தோழர்களான லியான், கார் (Garr) இருவரையும் விட்டால் எனக்குச் சட்டென்று பெயர் வருவது கொஞ்சம்தான். சுய்கோடனில் இரண்டு வரி பேசிவிட்டுக் கோட்டை மூலையில் நிற்பவர்கூட நினைவில் இருக்கிறார். விக்டர், ஃப்ளிக் என்ற இரண்டு வீரர்களும் முதல் பாகத்திலிருந்து இரண்டாவதுக்கு நடந்தே வந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். முதல் பாகத்தை முடித்த சேவ் ஃபைலை இரண்டாவதில் ஏற்றினால் பழைய நாயகனே ஒரு கிராமத்தில் மீன் பிடித்துக்கொண்டிருப்பான். அந்தக் காலத்தில் இதற்கு மெமரி கார்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இப்போது இரண்டும் ஒரே பெட்டியில்.

ரீமாஸ்டர் குறையில்லாதது அல்ல. இது 2006-இல் பிஎஸ்பிக்கு வந்த ஜப்பானியத் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டது. பின்னணிகளைத் திரும்ப வரைந்து, காற்று, தண்ணீர் சத்தம், நிழல் எல்லாம் சேர்த்திருக்கிறார்கள். ஆட்களின் உருவம் பழைய பிக்சலாகவே நிற்பதால் சில இடங்களில் படத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிய மாதிரி தெரிகிறது. தானாக சேவ் ஆவது, உரையாடல் பதிவு, ஓடும் வசதி எல்லாம் நிம்மதி. ஆனால் முதல் பாகத்தில் ஒவ்வொருவர் பையும் தனித்தனியாகவே இருக்கிறது. மருந்து யாரிடம் இருக்கிறது என்று ஆறு பையையும் தடவும் அவஸ்தை தொடர்கிறது. இரண்டாம் பாகத்தில் க்ளைவ் என்ற பாத்திரத்தின் கதையை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் கடிகாரத்தோடு ஓட வேண்டும். வழிகாட்டி இல்லாமல் முதல்முறையிலேயே அதைப் பிடிப்பவர் அபூர்வம்.

முதல் பாகத்தின் முகப்படங்களை அதன் அசல் ஓவியர் ஜுன்கோ கவானோவே ரீமாஸ்டருக்காகத் திரும்ப வரைந்திருக்கிறார். எய்யூடெனின் பாத்திர வடிவமைப்பிலும் அவர் கை உண்டு. அதனால் முகங்களை வைத்து எது அசல் என்று சண்டை போட வழியில்லை. இசையை வைத்துப் போடலாம். எய்யூடெனுக்கு இசையமைத்த மொடோய் சகுராபாவும் மிச்சிகோ நாருகேயும் சளைத்தவர்கள் அல்ல, ஆனால் மிகி ஹிகஷினோ சுய்கோடன் இரண்டாம் பாகத்துக்குப் போட்ட ஊர்ப் பாடல்களில் பாதியாவது என் வாயில் இன்னும் முணுமுணுக்கிறது. எய்யூடெனில் அப்படி ஒன்றும் ஒட்டவில்லை.

நேரக் கணக்கும் பாருங்கள். முதல் சுய்கோடன் சுமார் 20 மணி நேரம், இரண்டாவது 35-ஐ ஒட்டி. இரண்டும் சேர்ந்து எடுக்கும் நேரத்தை எய்யூடென் ஒன்றே விழுங்கும், பம்பரம் பக்கம் போனால் அதற்கு மேலும்.

தொடருக்குப் புதியவர் யோசிக்காமல் ரீமாஸ்டரை எடுக்கலாம். முதல் பாகம் சாதுவாகத் தெரிந்தாலும் தாண்டிக் குதிக்க வேண்டாம், இரண்டாவதின் பாதி சுவை அங்கிருந்துதான் வருகிறது. சுய்கோடனை மனப்பாடமாக வைத்திருப்பவர், கோட்டை கட்டும் ஆசை மட்டும் தீராதவர் எய்யூடெனுக்குப் போகலாம். அதைத் தள்ளுபடி வரும்வரை காத்திருந்து வாங்கினால் போதும். கணினியிலோ ப்ளேஸ்டேஷன் 5-இலோ வாங்குங்கள். பழைய நின்டென்டோ ஸ்விட்ச் பதிப்பு ஒவ்வொரு கதவுக்கும் லோடிங் திரையைக் காட்டி, ஏற்கெனவே மெதுவான கேமை இன்னும் மெதுவாக்குகிறது.