லிட்டோல்ஃபின் நாலாவது கன்சர்ட்டோவும் என் சந்தாப் பணமும்

இசை ஆப்பின் சந்தா இந்த மாதத்தோடு முடிகிறது. வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் விலை குறைவு என்று மெயில் வந்திருக்கிறது. அதே வாரத்தில் நண்பர் ஒருவரும் கேட்டார்: "ஹைப்பீரியன் மொத்தமும் ஆப்பிலேயே கிடைக்குதே, நீ இன்னும் எதுக்கு பழைய சிடியா தேடித் தேடி வாங்கிட்டிருக்க?" (ஹைப்பீரியன் கிளாசிக்கல் சிடி வெளியிடும் ஒரு பிரிட்டிஷ் கம்பெனி.) வாட்ஸப்பில் பதில் எழுத ஆரம்பித்தேன். நீண்டுவிட்டது.

எந்த ஆப் என்று சொல்லப்போவதில்லை. ஒலித்தரம், ஆஃப்லைன், விலை எல்லாம் உங்களுக்கே தெரியும், அதில் குறையும் இல்லை. நான் கேட்பது 19-ஆம் நூற்றாண்டில் ஓகோவென்று இருந்துவிட்டு, பிறகு கச்சேரி மேடைகளில் இருந்து காணாமல் போன ஐரோப்பிய இசையமைப்பாளர்களை. ராஃப், ஷார்வென்கா, லிட்டோல்ஃப், ஆன்டன் ரூபின்ஸ்டைன், லூயிஸ் ஃபரங்க். இவர்களைக் கேட்க இதைவிட நல்ல காலம் இருந்ததில்லை. ஹைப்பீரியன் 1991-ல் மொஸ்கோவ்ஸ்கி, படெரெவ்ஸ்கி இருவரின் கன்சர்ட்டோக்களோடு (தனி வாத்தியமும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) தொடங்கிய ரொமான்டிக் பியானோ வரிசை 80 சிடிகளைத் தாண்டிவிட்டது. ஆப் பக்கமே வராமல் ஒதுங்கியிருந்த அந்தக் கம்பெனி, 2023-ல் யுனிவர்சலின் கைக்குப் போன பிறகு அங்கேயும் வந்துவிட்டது. ஜெர்மனியின் சிபிஓ, ஹாங்காங்கில் பிறந்த மார்க்கோ போலோ மாதிரி சிடி கம்பெனிகள் எல்லாமே விரல் நுனியில். நியாயமாகப் பார்த்தால் நான் இந்த ஆப்பைக் கும்பிட வேண்டும்.

ஆனால் லிட்டோல்ஃப் என்று தேடிப் பாருங்கள்.

அவருடைய நாலாவது கன்சர்ட்டோ சிம்ஃபோனிக்கில் (சிம்பொனி மாதிரிப் பெரிதாக எழுதிய பியானோ கன்சர்ட்டோ) நாலு மூவ்மென்ட், அதாவது நாலு பகுதிகள். இரண்டாவது ஒரு ஷெர்ட்சோ, துள்ளலும் வேகமுமான பகுதி. ஏழு நிமிஷம்தான். பியானோ மேல் ஸ்தாயியில் சிலுசிலுவென்று ஓட, பிக்கலோ என்ற சின்னப் புல்லாங்குழலும் டிரையாங்கிளும் கூடவே மினுக்கும். யாருக்கும் பிடிக்கும். பிடித்ததுதான் வினையாகிவிட்டது. ஷெர்ட்சோவை மட்டும் பிய்த்தெடுத்து வாசிக்க ஆரம்பித்தார்கள், மிச்ச மூன்றும் கிடப்பில் போயின. பியானோ மேதை லிஸ்ட் தன் முதல் பியானோ கன்சர்ட்டோவை இவருக்குத்தான் சமர்ப்பித்தார். அப்பேர்ப்பட்ட ஆளுக்கு மிஞ்சியது ஒரு ஏழு நிமிஷம்.

ஆப் இதையே இன்னும் மும்முரமாகச் செய்கிறது. தேடினால் வரிசையாக ஷெர்ட்சோ, ஷெர்ட்சோ, ஷெர்ட்சோ. வேறு வேறு பியானோக்காரர்கள், "தூங்குவதற்கு இதமான கிளாசிக்கல்" மாதிரி தொகுப்புகளிலும் அதுவே (இதைக் கேட்டுத் தூங்குகிறவர் யார் என்று பார்க்க ஆசை). பீட்டர் டோனஹோ முழுக் கன்சர்ட்டோவையும் ஆண்ட்ரூ லிட்டனோடு பதிவு செய்திருக்கிறார், அது ஆப்பிலும் இருக்கிறது. ஆனால் எங்கோ கீழே. அதிகம் கேட்கப்பட்டதுதான் மேலே வரும் என்றால், மறக்கப்பட்டவை என்றைக்கு மேலே வருவது? ராஃப் என்றால் "கவட்டீனா", ரூபின்ஸ்டைன் என்றால் "மெலடி இன் எஃப்", இரண்டுமே சின்னத் துண்டுகள். அதுவும் ரூபின்ஸ்டைனைத் தேடினால் முதலில் வந்து நிற்பவர் 20-ஆம் நூற்றாண்டுப் பியானோக்காரர் ஆர்த்தர் ரூபின்ஸ்டைன். இருவருக்கும் சொந்தம்கூடக் கிடையாது. ஆன்டனின் டி மைனர் கன்சர்ட்டோவை எடுக்க, ஆர்த்தரின் ஷொபான் தட்டுகள் அத்தனையையும் தாண்டிப் போக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கோளாறு. இந்த ஆப்புக்கு ஒவ்வொரு மூவ்மென்ட்டும் தனித்தனிப் பாட்டு. அது என்ன செய்கிறது என்று தெரிய ராஃபின் ஐந்தாவது சிம்பொனி "லெனோரே"யைக் கேட்க வேண்டும். போருக்குப் போன காதலன் பேயாகக் குதிரையில் திரும்பி வரும் ஜெர்மன் கதைப்பாடல்தான் கரு. மூன்றாவது மூவ்மென்ட்டில் படை கிளம்புகிறது. எங்கோ தூரத்தில் காதுக்கு எட்டியும் எட்டாமலும் ஒரு மார்ச் தொடங்கும். தெருமுனைக்கு வரும், வாசலுக்கு வரும், முழு ஆர்க்கெஸ்ட்ராவும் நம்மைக் கடந்து போகும். நடுவில் வயலின்களும் செல்லோக்களும் பதறிப் பதறி விடைபெறும். பிறகு அதே மார்ச் தேய்ந்து தேய்ந்து மறையும். மொத்த வித்தையும் தூரத்தில்தான் இருக்கிறது.

என் பிளேலிஸ்ட்டில் இதைப் போட்டால், ஒலி அளவைச் சமப்படுத்தும் அந்த வசதி ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனியாக எடைபோட்டு ஏற்றி இறக்குகிறது. இரண்டாவது மூவ்மென்ட்டில் காதலர்கள் கிசுகிசுப்பது உரக்கக் கேட்கிறது. அடுத்து, ஊரையே அதிரவைக்க வேண்டிய படை, குரல் தாழ்த்திப் போகிறது. போதாக்குறைக்கு ஒரு டிராக் முடியும்போதே அடுத்ததைக் கலந்துவிடும் வசதி வேறு. இரண்டையும் அணைக்கலாம்தான். அப்டேட் வரும்போது சில சமயம் தானாகத் திரும்ப ஆன் ஆகிவிடுகிறது. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். "உங்களுக்குப் பிடித்த பாடல்களை லைக் செய்யுங்கள்" என்று பதில்.

ராஃபுக்காக ரொம்பவும் உருகவில்லை நான். 11 சிம்பொனி, ஓபஸ் எண் (படைப்பு வரிசை எண்) 200-க்கு மேல். அவற்றில் பாதி வெறும் கைப்பழக்கம். 1870-களில் ஜெர்மனியில் அவர் பெயர் இல்லாத கச்சேரிப் பருவம் இல்லை, 1882-ல் இறந்தார், சீக்கிரமே மறைந்தும் போனார். எல்லாம் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் லெனோரே அப்படிப் போகக் கூடாதது. ஹிட்ச்காக்கின் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் 1970-ல் லண்டன் ஃபில்ஹார்மோனிக்கை வைத்து அதைப் பதிவு செய்தது சும்மா இல்லை.

இனி ஆப்பின் பக்க நியாயம். ஒரு ராத்திரி ஷார்வென்காவின் நாலாவது கன்சர்ட்டோ ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டீஃபன் ஹஃப் வாசித்தது, 1996-ல் கிராமஃபோன் பத்திரிகையின் ஆண்டின் சிறந்த பதிவு. முடிந்ததும் ஆப் தானாக வேறு எதையோ போட்டது. காற்று வாத்தியங்களும் தந்தி வாத்தியங்களுமாக ஒன்பது பேர், அத்தனை தெளிவு, ஒரு இடத்திலும் அசட்டுத்தனம் இல்லை. பாத்திரத்தைப் பாதியில் வைத்துவிட்டு ஈரக்கையோடு ஓடிவந்து பெயரைப் பார்த்தேன். லூயிஸ் ஃபரங்க், நோனெட், 1849.

ஃபரங்க் ஒரு பெண், பாரிஸ் கன்சர்வேட்டரி இசைக் கல்லூரியில் 1842 முதல் பியானோ பேராசிரியர். ஆண்களைவிடக் குறைந்த சம்பளம். 1850-ல் இந்த நோனெட் அரங்கேறியபோது வாசித்தவர்களில் வயலின் மேதை யோவாகிமும் ஒருவர், அப்போது இளைஞர். அந்த வெற்றிக்குப் பிறகு சம சம்பளம் கேட்டு வாங்கினார். இந்த விவரமெல்லாம் ஆப்பில் கிடையாது, சிடியோடு வரும் புக்லெட்டில் படித்தது. ஆனால் அந்த ராத்திரி ஆப் போடாமல் இருந்திருந்தால் நான் ஃபரங்க்கைத் தேடிப் போயிருக்கவே மாட்டேன். அவருடைய மூன்றாவது சிம்பொனி இப்போது என் வீட்டில் பிராம்ஸைவிட அதிகம் ஒலிக்கிறது. அந்த ஒன்றுக்கே கட்டிய சந்தா மொத்தமும் ஜீரணம்.

ஆகவே கட்டப்போகிறேனா? இல்லை. நேற்றுக் காலை ஃபரங்க் முடிந்ததும் அது தானாக எடுத்துப் போட்டது லிட்டோல்ஃபின் ஷெர்ட்சோவை. மெயிலை அழித்துவிட்டேன். டோனஹோவின் சிடி செகண்ட் ஹேண்டில் இருக்கிறது, உறையில் கீறலாம், பரவாயில்லை.

நண்பரே, நீங்கள் தாராளமாகக் கட்டுங்கள். ஃபரங்க்கின் மூன்றாவது சிம்பொனியில் ஆரம்பியுங்கள், ஆல்பமாகவே போடுங்கள். அந்த ஒலி சமப்படுத்தும் வசதியை முதல் நாளே அணைத்துவிடுங்கள். செட்டிங்ஸில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஸ்க்ரீன்ஷாட் அனுப்புகிறேன். மாத முடிவுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.