வீடுதேடிக் குருதி எடுத்துச் சேமிக்கும் சேவை: நீண்டகால ஆய்வுக்குப் போதுமா?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக் கிராமங்களில் நீரிழிவு எவ்வாறு பரவுகிறது என்பதைக் குடும்பங்களை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து அறியும் ஆய்வொன்றைத் திட்டமிடும் குழுவில் நானும் ஒருவர். அதற்கு முன்னோடியாக அறுபது பேரிடம் மாதிரி எடுக்க, மட்டக்களப்பு நகரிலுள்ள தனியார் ஆய்வுகூடம் ஒன்றின் சேவையைப் பெற்றோம்.

குருதி எடுக்க வந்த இருவரையும் மனதாரப் பாராட்டுகிறேன். மக்கள் வயலுக்குப் புறப்படுமுன், வெறும் வயிற்றில் இருக்கும்போதே எடுக்க வேண்டும் என்பதால் விடியுமுன்பே வந்துவிட்டார்கள். நாளம் எளிதில் அகப்படாத முதியவர்களிடமும் "கொஞ்சம் பொறுங்கோ அம்மா" என்று பேசிப் பேசியே வேலையை முடித்தார்கள். பத்தாண்டு கழித்தும் அதே வாசலில் போய் நிற்க வேண்டிய எங்களுக்கு இந்தப் பண்பு எந்தக் கருவியையும் விடப் பெரிது.

குறை நேரக் குறிப்பில் இருக்கிறது. குருதி எடுத்த நேரத்தை எழுதுகிறார்கள். குருதியின் கூறுகளைப் பிரிக்க மையநீக்கியில் சுழற்றிய நேரத்தையும் பிரீசரில் வைத்த நேரத்தையும் எழுதுவதில்லை. பிரிக்கப்படாத குருதியில் உயிரணுக்கள் குளுக்கோசைத் தொடர்ந்து உட்கொள்வதால், அறை வெப்பநிலையில் அதன் அளவு மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். இதைத் தடுக்கச் சாம்பல் மூடிக் குழாயில் சேர்க்கப்படும் புளோரைட்டும் முதல் ஒன்றிரண்டு மணிநேரத்தில் அதை முழுமையாகத் தடுப்பதில்லை. மண்டூரில் எடுத்து, வாவியைக் கடக்கும் குருமண்வெளிப் பாதைக்கு (மிதவைப் படகுக்கு) காத்திருந்து வந்த குழாய்களும் அருகிலுள்ள ஊர்களிலிருந்து விரைவாக வந்தவையும் ஒரே தட்டில் இருந்தன. இரண்டுக்கும் இடையே வேறுபாடு தெரிந்தால், அது மக்களின் உடலில் உள்ளதா, பயணத்தில் நேர்ந்ததா என்று பின்னர் எவராலும் சொல்ல முடியாது.

2006 முதல் 2010 வரை 40–69 வயதுடைய சுமார் 5 இலட்சம் பேரைச் சேர்த்த பிரித்தானியாவின் மருத்துவ ஆய்வு மாதிரிச் சேமிப்பகமான யூகே பயோபேங்க், மாதிரிகள் ஒரு நாள் தாமதத்தைத் தாங்குமா என்பதை முன்கூட்டியே சோதித்த பின்னரே அவற்றை மைய ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் முறையை வகுத்தது. சேமிப்பையும் வெவ்வேறு இரண்டு இடங்களில் பகிர்ந்து வைத்தது. இங்கோ மைனஸ் 80 பாகை செல்சியஸில் இயங்கும் பிரீசர் ஒன்றும் அதற்கொரு ஜெனரேட்டருமே உள்ளன. 2004 கடற்கோளைக் கண்ட கரையில் இது போதாது. மாதிரிகளில் பாதியேனும் அம்பாறை நகர்போல உள்நாட்டில் இருக்க வேண்டும்.

சில குழாய்களில் ஒட்டுச்சீட்டும் உரிந்திருந்தது. ஆய்வுகூடத்தின் சம்மதப் படிவம் அன்றைய பரிசோதனைக்கு மட்டுமே பொருந்தும். எதிர்கால ஆய்வுப் பயன்பாட்டையும் விலகிக்கொள்ளும் உரிமையையும் விளக்கும் படிவத்தை நாங்களே எழுதினோம். சேமிப்புக் கட்டணத்தை ஓர் ஆண்டுக்கு மட்டுமே சொல்கிறார்கள் என்பதால், இருபது ஆண்டுக்கான செலவைக் கணக்கிட வழியில்லை.

ஆகவே குருதி எடுக்க மட்டும் அவர்களை மீண்டும் அழைத்திருக்கிறோம். சேமிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. மூன்று நேரங்களையும் குறிக்கும் கட்டங்களுடன் ஒருபக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தோம். அடுத்த பயணத்திலிருந்து அதை நிரப்புவதாகப் பொறுப்பாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.